பயணத்தில் இருப்போருக்காக

அம்மா,

உங்கள் நீலக் கோட்டில் புகை ஏறிவிட்டது. வாசல் கதவுக்குப் பின்னால் கொழுவியில்தான் தொங்குகிறது. வேலையால் வந்து கதவைச் சாத்தினால் முதலில் அந்த மணம்தான் முகத்தில் அடிக்கிறது. ஈர விறகின் புகை, அதோடு ஏதோ காய்ந்த இலையின் கசப்பு. போன மாதம் வரைக்கும் அதே கோட்டில் உங்கள் தைல மணம் இருந்தது. கழுத்துப் பட்டியில் மூக்கை வைத்தால் போதும், நீங்கள் பக்கத்தில் நின்று "பிள்ளை, தொப்பியைப் போடு" என்று சொல்வதுபோல இருக்கும். அதை நான் கெடுத்துவிட்டேன். சலவைக்குக் கொடுத்தால் புகை போய்விடும் என்று மகள் சொல்கிறாள். புகை போகும்தான், மிச்சமிருக்கிற உங்கள் மணமும் சேர்ந்து போகும். அதனால் அப்படியே விட்டிருக்கிறேன்.

அந்தப் புகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நீங்கள் ஒரு கிழமைக்கு என்னோடு கதைக்க மாட்டீர்கள். அஞ்ஞானிகளின் சடங்கு ஒன்றுக்குப் போனேன், அம்மா. ஒளித்து மறைத்துச் செய்கிற சடங்கு இல்லை. யாரும் வரலாம் என்று ஊரறிய அறிவித்து, வில்லரேயில் ஒரு பூங்காவின் நடுவில், பின்னேரம் வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினார்கள். உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன் பைக்குள் உங்கள் செபமாலை கிடக்க, நான் போய் நின்றேன்.

அஞ்ஞானி என்பது உங்கள் சொல். பழைய செபப் புத்தகத்தில் இருந்து எடுத்தது. மன்னாரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையார் கோவிலுக்குப் போகிறவர்கள். அவர்களை நீங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர்கள் பொங்கல் தருவார்கள், நாங்கள் நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரம் கொடுப்போம், அவ்வளவுதான் கணக்கு. அந்தச் சொல்லை மொன்றியல் வந்த பிறகு வெள்ளைக்காரருக்கென்றே எடுத்து வைத்திருந்தீர்கள். ஒக்டோபர் பிறந்தால் எங்கள் செயின்ட்-மிஷேல் தெருவில் வாசலுக்கு வாசல் பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைப்பார்களே, எலும்புக்கூட்டைக் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்த வழியால் போகும்போதெல்லாம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டே நடப்பீர்கள். "கோயிலுகளை வித்துக் குடிமனையாக்கிப் போட்டு, இப்ப பேய்க்கு விளக்கு வைக்கிறாங்கள்" என்பீர்கள். ஆனால் அதே விளக்கு வைத்த வீட்டுக்காரி தை மாதத்தில் எங்கள் படியில் பனி வழித்துத் தந்தால், "மெர்சி, மெர்சி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டீர்கள். பாவம், அவள் கை விறைத்துப் போய் நிற்பாள்.

என்னைக் கூப்பிட்டவள் மார்த்தின். உங்களுக்குத் தெரிந்தவள்தான். நான் சமையல் செய்கிற கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள், உங்கள் செத்தவீட்டுக்கு ஆப்பிள் கேக் கொண்டு வந்தவள். செத்தவீட்டில் கேக்கை என்ன செய்வது என்று தெரியாமல் எங்கள் சனம் அதைச் சுற்றி நடந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடைசியில் மகள்தான் அதை வெட்டி எல்லாருக்கும் கொடுத்தாள்.

ஒருநாள் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்குக் கரட் வெட்டிக்கொண்டு நின்றபோது மார்த்தின் சமையலறைக்குள் வந்து, அம்மா போன பிறகு நீ ஒருதரமாவது அழுதாயா என்று கேட்டாள். எனக்கு அந்தரமாகப் போய்விட்டது. இல்லை என்று சொன்னேன். அவள் தன்னுடைய கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். இருட்டு நீளத் தொடங்குகிற இந்தக் காலத்தில் ஆண்டுக்கொரு தடவை நெருப்பு மூட்டி, வட்டமாக நின்று, செத்துப் போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். ஒருவர் சொல்ல மற்றவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்வார்களாம். "நீ ஒன்றையும் நம்ப வேண்டாம், வந்து உன் அம்மாவின் பெயரை மட்டும் சொல்லு" என்றாள்.

எங்களுக்குக் கோவில் இருக்கிறது, பூசை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்களுக்காக ஒப்புக்கொடுத்த முப்பத்தோராம் நாள் பூசையில் சுவாமி வேறு பல பெயர்களோடு சேர்த்து உங்கள் பெயரையும் மடமடவென்று வாசித்துக்கொண்டு போனார். நான் தும்மியிருந்தால் தவறவிட்டிருப்பேன். அந்தக் கோபம் எனக்குள் இருந்தது, அம்மா. சுவாமியில் பிழை இல்லை, அவருக்கு அதற்குப் பிறகு லவாலில் ஒரு திருமணம் இருந்தது. ஆனாலும் கோபம்.

இனி, எங்கள் வீட்டுச் செபத்தின் ஒழுங்கைச் சொல்லத்தான் வேண்டும். உங்களுக்கு அது தெரியாததா? எனக்காகத்தான் சொல்கிறேன்.

செபமாலை முடிந்தவுடன் மூன்று வேண்டுதல்கள். முதலில் நோயாளிகளுக்காக. பிறகு பயணத்தில் இருப்போருக்காக. கடைசியில் மரித்தோருக்காக. ஒவ்வொன்றிலும் நீங்கள் பெயர்களைச் சொல்வீர்கள், நாங்கள் அருள் நிறைந்த மந்திரத்தைச் சொல்வோம். நோயாளிகளின் பெயர் மாறிக்கொண்டிருக்கும். மரித்தோரில் பெயர்கள் கூடிக்கொண்டு போகும்; அப்பாவும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். நடுவில் இருக்கிற வேண்டுதலில் மட்டும் ஒரே ஒரு பெயர், மாறாத பெயர். "என்ர மகன் அமலன்."

தம்பி உண்மையாகவே பயணம்தான் போனான். வவுனியாவுக்கு, சோதனை எழுத, விடிய முதல் பஸ்ஸில். நீங்கள் புட்டும் முட்டைப் பொரியலும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தீர்கள். பஸ் போய்ச் சேர்ந்தது, அவன் போய்ச் சேரவில்லை. வழியில் இறக்கினார்கள் என்றவர்கள் உண்டு, கடைசி வரைக்கும் அவனைப் பஸ்ஸில் கண்டோம் என்றவர்களும் உண்டு. எத்தனை இராணுவ முகாம் வாசலில் நின்றீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அன்று இரவு செபத்தில் பயணத்தில் இருப்போருக்காக அவன் பெயரைச் சொன்னீர்கள். அது சரியான இடம்தானே, காலையில் வெளிக்கிட்டுப் போன பிள்ளை. அதற்குப் பிறகு அந்த இடத்தில் இருந்து அவனை நீங்கள் எடுக்கவே இல்லை.

இங்கே வந்து கொஞ்சக் காலத்தில், கோவிலின் நிலவறை மண்டபத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பெயர் சேர்த்துக்கொண்டு வந்த அக்கா ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்.

"அன்ரி, தம்பியின்ர பேரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லட்டோ? அந்த ஆத்துமத்துக்கும் ஒரு இளைப்பாற்றி கிடைக்கும்தானே."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி நீங்கள் கேட்டீர்கள்.

"ஆர் சொன்னது அவன் செத்தவன் எண்டு? நீர் கண்டனீரோ?"

அந்த அக்கா தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வரும்போது, எங்கள் மெற்றோத் தரிப்பிடத்தில் இறங்கிப் படியேறுகையில், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "நான் செத்தாப் பிறகும் அவனை இடம் மாத்திப் போடாத, பிள்ளை. பயணத்திலயே வைச்சிரு." நான் "ஓம் அம்மா" என்றேன். வேறென்ன சொல்வது? மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற உங்களிடம் நான் வாதாடவா?

அந்த ஓமைத்தான் நான் பூங்காவில் உடைத்தேன்.

போகும்போது பயந்துகொண்டுதான் போனேன். உங்கள் பிள்ளைதானே. கறுப்பு உடுப்பும் ஆட்டுத் தலையும் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். பார்த்தால் பின்னல் தொப்பி போட்ட மனிதர்கள், தெர்மோசில் சூப், முட்டி வலி என்று மடக்குக் கதிரையில் குந்தியிருக்கிற அம்மாமார். இரும்புத் தொட்டி ஒன்றுக்குள் நெருப்பு. அதற்குப் பக்கத்தில் செம்மஞ்சள் மேலங்கி போட்ட நகரசபை ஆள் ஒருவர், தீயணைக்கிற சிலிண்டரைக் காலடியில் வைத்துவிட்டு, உருளைக்கிழங்குச் சிப்ஸ் தின்றுகொண்டு நின்றார். பேயைத் தேடிப் போனவளுக்குச் சப்பென்று போய்விட்டது.

நெருப்பைச் சுற்றி நிலத்தில் இலைகளைக் கொட்டி வட்டம் கீறியிருந்தார்கள். அதற்குள் காலை வைக்குமுன் என்னையறியாமல் குனிந்து சப்பாத்தைக் கழற்றப் போனேன். மார்த்தின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள், நிலம் ஈரம், காய்ச்சல் வரும் என்றாள். சடங்கை நடத்தியவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு கிழவர். நாலு திசைக்கும் திரும்பி ஏதோ சொன்னார். பிறகு ஒரு பெண் காய்ந்த இலைக் கட்டு ஒன்றைக் கொளுத்தி ஊதி அணைத்து, அதன் புகையை ஒவ்வொருவர் மேலும் வீசிக்கொண்டு வந்தாள். எனக்குக் கிட்ட வந்ததும் தூபத்துக்குக் குனிவதுபோலத் தலை தானாகக் குனிந்தது, கை தானாகச் சிலுவை போட்டது. அவள் சிரிக்கவில்லை, கொஞ்சம் நின்று, இன்னொரு முறை வீசிவிட்டுப் போனாள். கோட்டில் ஏறியது அந்தப் புகைதான்.

பெயர் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் சின்னக் குச்சி ஒன்றை நெருப்பில் போட்டு ஒரு பெயரைச் சொல்ல, வட்டம் முழுக்க ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னது. தாயின் பெயர், தமையனின் பெயர், ஒருத்தி பிறந்து சில நாளில் போன தன் பிள்ளையின் பெயர். ஒரு வாலிபன் தன் நாயின் பெயரைச் சொன்னான். எல்லாரும் அதையும் அதே மரியாதையோடு திருப்பிச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவன் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டேன்.

என் முறை வந்தது. கையில் குச்சி. உங்கள் பெயர் நாக்கு நுனியில் இருந்தது, சத்தியமாக இருந்தது. மரித்தோரைச் சொல்ல வேண்டும் என்று வாய்க்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடமும் மரித்தோருக்கு முதல் எதைச் சொல்லிப் பழகியதோ, அதைச் சொல்லாமல் அந்த வாய் மரித்தோரிடம் போகவில்லை.

"அமலன்" என்றேன்.

"அமலன்!" என்றது வட்டம்.

கடைசி எழுத்தை அவர்கள் தங்கள் பழக்கத்தில் அழுத்திச் சொன்னார்கள். இருந்தாலும் அவன் பெயர்தான். மார்த்தின் என்னைப் பார்த்தாள். அது உங்கள் பெயர் இல்லை என்று அவளுக்குத் தெரியும், அப்பாவின் பெயர் என்று நினைத்திருப்பாள். கிழவர் எனக்காகப் பொறுத்து நின்றார். பிறகு உங்கள் பெயரைச் சொன்னேன். அதையும் அவர்கள் திருப்பிச் சொன்னார்கள், அழகாக, ஒவ்வொரு எழுத்தாக. ஆனால் அதற்குள் நடக்கக்கூடாதது நடந்து முடிந்துவிட்டது.

வாய்ப்பழக்கத்தால் வந்த பிழை என்று சொல்லி நான் தப்பிவிடலாம். முதல் பெயர் அப்படித்தான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அது என்ன பழக்கம்? "இல்லை, அவன் இல்லை, பிழையாகச் சொல்லிவிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அந்த அளவு பிரெஞ்சு எனக்குத் தெரியும், கார்டெரியில் ஒருநாளைக்கு நூறுதரம் "நோன்" சொல்கிறவள் நான். சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு அது பிடித்திருந்தது. இந்த நாட்டில் எங்கள் வீட்டுச் சுவருக்கு வெளியே அவன் பெயரை ஒருவரும் உரத்துச் சொன்னதில்லை, அம்மா. முன்பின் தெரியாத அத்தனை பேர் வாயைத் திறந்து என் தம்பியைக் கூப்பிட்டார்கள். நான் அழுதேன். உங்கள் செத்தவீட்டில் வராத கண்ணீர், உங்களை மண்ணுக்குள் இறக்கியபோது வராத கண்ணீர், அங்கே மூக்கும் வாயுமாக ஒழுகியது. பிறகு பாணும் ஆப்பிள் சாறும் கொடுத்தார்கள். நல்ல பசி எனக்கு. இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மெற்றோவில் ஏறி இருந்த பிறகுதான் உறைத்தது. கோட்டுப் பைக்குள் கையை விட்டேன், உங்கள் செபமாலை விரலில் பட்டது. சுட்டதுபோலக் கையை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து லவாலில் இருக்கிற மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்லத்தான் பார்த்தாள்.

"அம்மா, மாமா இல்லையெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே. அம்மம்மா மட்டும்தான் நம்பேல்ல. நீங்கள் ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்கள்? சே பா க்ராவ், இது பெரிய விசயமில்லை."

"உனக்கு ஆர் சொன்னது அவன் இல்லையெண்டு? நீ கண்டனியோ?"

கத்தியபிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். "சாப்பிட்டிட்டுப் படுங்கோ அம்மா, நாளைக்கு வாறன்" என்றாள்.

சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு உங்கள் சேமக்காலைக்கு வந்தேன். காற்று மெழுகுதிரியை நிற்க விடவில்லை. கையால் மறைத்துக்கொண்டு குந்தியிருந்தேன், உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று. பக்கத்துக் கல்லறைக்கு ஒரு குடும்பம் வந்து பூச்சாடி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு நின்றது. அவர்கள் போகட்டும் என்று பார்த்தேன், அவர்கள் போகவில்லை. சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்னும் ஒன்று இருக்கிறது, அதைக் கல்லறையில் வைத்து என்னால் சொல்லியிருக்க முடியாது.

மாசி மாதத்தில் நீங்கள் போனீர்கள். நிலம் கல்லாக உறைந்திருந்ததால் சித்திரையில் மண் இளகும் வரைக்கும் உங்களைச் சேமக்காலைக் கட்டடத்துக்குள் வைத்திருந்தார்கள். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த மனுசியை இங்கேயும் காத்திருக்க வைத்துவிட்டார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, தனியே படுக்கப் பயம். அந்த நாட்களில் படுக்கையில் கிடந்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தம்பி அங்கே முதலே போயிருக்க வேண்டும், அவன் வந்து உங்களைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒருநாள் அல்ல, ஒவ்வொரு நாளும் நினைத்தேன், மன்றாடினேன்கூட. நீங்கள் அங்கே தனியாக இருக்கக்கூடாது என்பதற்காக, என் தம்பி செத்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டிருக்கிறேன், அம்மா.

ஆகவே பூங்காவில் என் நாக்குப் பிசகியது என்று எப்படிச் சொல்வேன்? அது மாசியிலேயே பிசகிவிட்டது. நெருப்புக்கு முன்னால் வெளியே வந்தது, அவ்வளவுதான். அந்த மனிதர்களில் பிழை பிடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. நான் கொடுத்த பெயரைத்தான் அவர்கள் கூப்பிட்டார்கள்.

நீங்கள் இப்போது எல்லாம் தெரிந்த இடத்தில் இருக்கிறீர்கள். முகாம் வாசல்களில் ஒருவரும் சொல்லாத பதில் உங்களிடம் இருக்கும். அவன் அங்கே நின்றிருந்தால் முதலில் அவன் மெலிந்துபோனதைத்தான் பேசியிருப்பீர்கள், புட்டைச் சாப்பிட்டானா என்று கேட்டிருப்பீர்கள். அவன் அங்கே இல்லையென்றால், இன்னும் எங்கேயோ வழியில் இருக்கிறான், நீங்கள் அங்கேயும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். இந்த இரண்டில் எது எனக்கு வேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

சேமக்காலையால் வந்த அன்று பின்னேரம் தனியே இருந்து செபமாலை சொன்னேன். நோயாளிகளுக்காகச் சொன்னேன். அடுத்த வேண்டுதலில் நின்றுவிட்டேன். நெருப்புக்கு முன் அவனை மரித்தோர் பக்கம் அனுப்பிவிட்டு இப்போது இந்தப் பக்கம் எப்படிக் கூப்பிடுவது? நான் சொல்லாவிட்டால் இந்தப் பூமியில் அந்த இடத்தில் அவன் பெயரைச் சொல்ல வேறு ஆளில்லை. மகள் சொல்ல மாட்டாள், அவளைச் சொல்லச் சொல்லவும் மாட்டேன். மணி விரலுக்குள்ளேயே இருந்தது. கதவுப் பக்கமிருந்து புகை மணந்தது.

"பயணத்தில் இருப்போருக்காக," என்றேன். "என்ர தம்பி அமலன்."

பிறகு மரித்தோருக்காக, அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயர். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இந்த ஒழுங்குதான்.

அம்மா, அவன் உங்களோடு இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.